1764 மதுரை முற்றுகை: கான்சாகிபு மீது தொடுத்த போர் நியாயம்தானா?

1764 அக்டோபர் 15ஆம் தேதி, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில், கான்சாகிபு என்று ஊர் அழைத்த முகம்மது யூசுப்கானைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புவரை அவர் மதுரைக் கோட்டையின் தலைவர். ஐந்தாறு ஆண்டு முன்பு, தன்னைத் தூக்கில் போட்ட அதே கூட்டணிக்காக, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்த கூட்டணிக்காக, சென்னைப் பட்டணத்தைக் காக்கப் போரிட்டவர். விசாரணை எதுவும் நடக்கவில்லை. உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்பது இந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. மிஞ்சிய உடலைப் புதைத்த இடத்தில்தான் சம்மட்டிபுரம் கான்சாகிபு பள்ளிவாசல் இருக்கிறது.

இந்தப் போர் நியாயமா என்று மதுரையில் கேட்டால் இரண்டு பதில் உடனே வரும். சம்பளம் கொடுத்த எசமானுக்கே எதிராகத் திரும்பினார், அதற்கான தண்டனை கிடைத்தது என்பது ஒன்று. வெள்ளைக்காரனை முதலில் எதிர்த்த வீரர்களில் அவரும் ஒருவர், அவர்மேல் படை அனுப்பியதே அநியாயம் என்பது இன்னொன்று. இரண்டு பதிலும் ஆளைப் பற்றித்தான் பேசுகின்றன. அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்த்துவிட்டால் போருக்கும் தீர்ப்பு கிடைத்துவிடும் என்ற நினைப்பு இதில் இருக்கிறது. அந்த நினைப்பை ஏற்க என்னால் முடியவில்லை. கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் தொடுத்த இந்தப் போருக்கு நியாயம் இல்லை என்பது என் முடிவு. ஆனால் யூசுப்கானைப் புனிதராக்கி அந்த முடிவுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. அவர்மேல் சொல்லப்படும் குற்றங்களில் பாதியை ஒப்புக்கொண்ட பிறகும் அந்த முடிவு அப்படியே நிற்கும்.

பேச்சு எங்கே தொடங்கியது

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த விவகாரம் ஈராக் வழியாகத்தான் வந்தது. 2003 மார்ச் 20 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்மீது படையெடுத்தது சரியா என்று பேசிக்கொண்டிருந்தோம். சட்டம் படிக்கும் ஒரு தம்பி, "பேரழிவு ஆயுதம் இருக்குன்னு சொல்லிப் போனாங்க, கடைசியில எதுவும் கிடைக்கலை, அப்ப அநியாயம்தான்" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவரை நிறுத்தி, "கிடைச்சிருந்தா நியாயம் ஆகியிருக்குமா தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. போருக்குப் பிறகு தெரிந்ததை வைத்து, போருக்கு முன்னால் எடுத்த முடிவை எடைபோட்டால் அந்த முடிவு அதிர்ஷ்டத்தால் நியாயம் ஆகும், இல்லையென்றால் அதிர்ஷ்டம் கெட்டு அநியாயம் ஆகும். அன்றைக்குக் கையில் என்ன இருந்தது என்றுதான் பார்க்கவேண்டும். 2003இல் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்கில் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள், இன்னும் சில மாதம் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. பிரிட்டன் அரசே அமைத்த சில்காட் விசாரணைக் குழு 2016இல் சொன்னதும் இதுதான்: அமைதி வழிகள் தீர்ந்துபோகும் முன்பே போருக்குப் போனார்கள், அந்த நேரத்தில் அது கடைசி வழியாக இருக்கவில்லை. ஆயுதம் கிடைத்திருந்தாலும் இந்தக் குறை குறையாகவே இருந்திருக்கும்.

சதாம் உசேனின் கொடுமையைப் பேசியவர்களும் இருந்தார்கள். 1988இல் ஹலப்ஜாவில் விஷவாயு போட்டு ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றவர் அவர். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1988இல் நடந்ததற்கு 2003இல் படை போனது ஏன் என்ற கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. அப்போதுதான் அந்தத் தம்பி, "சார், இதே கேள்விகளை நம்ம ஊர்ப் போர்மேல வச்சுப் பார்ப்போமே" என்றார். தூரத்து ஊர்ப் போரைப் பேசும்போது எல்லோரும் நீதிபதி ஆகிவிடுகிறோம். சொந்த ஊர்ப் போர் என்றதும் அறையில் சாதியும் மதமும் ஊர்ப்பற்றும் வந்து உட்கார்ந்துகொண்டன. பேச்சு சூடானது. சூடானது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

நடந்தது

யூசுப்கான் இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர். வேளாளர் வீட்டுப் பிள்ளை, பெயர் மருதநாயகம், பிறகு இஸ்லாத்தைத் தழுவினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1750களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிக்காக நடந்த சண்டைகளில் கம்பெனிப் படைக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெயர் எடுத்தார். கம்பெனித் தளபதி மேஜர் லாரன்சின் பாராட்டு கிடைத்தது, கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குக் கும்மந்தான் (படைத்தலைவர்) ஆனார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்தபடி பிரெஞ்சுக்காரரின் போக்குவரத்து வழிகளைத் தாக்கி அவர்களைத் திணறடித்தார். 1759 பிப்ரவரியில் முற்றுகை கலைந்தது. அதே ஆண்டு கம்பெனி அவரை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வரி வசூல் குத்தகைதாரராக அனுப்பியது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் கட்டவேண்டும்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. சட்டப்படி இந்தச் சீமை ஆற்காட்டு நவாப் முகம்மது அலியுடையது. அவருக்கு அதை ஆளும் பலம் இல்லை, கம்பெனியின் துப்பாக்கியை நம்பித்தான் இருந்தார். கம்பெனி தன் ஊழியர் ஒருவரை நவாபின் நாட்டில் குத்தகைதாரராக உட்கார வைத்தது. ஆக, யூசுப்கான் படைத்தலைவர் என்ற முறையில் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர், குத்தகைதாரர் என்ற முறையில் நவாபுக்குப் பணம் கட்டவேண்டியவர். இரண்டு எசமான்களும் வேறு வேறு உத்தரவு போட்டால் எதைக் கேட்பது? அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் இதற்கு விடை சொல்லி வைக்கவில்லை. சொல்லாமல் விட்டது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

குத்தகைப் பணத்தைத் திரட்டப் பாளையக்காரர்களை அடக்கவேண்டியிருந்தது. புலித்தேவரோடு மோதி, வாசுதேவநல்லூரில் முதலில் பின்வாங்கி, 1761இல் நெற்கட்டும்செவலையும் சேர்த்து அவருடைய கோட்டைகளைப் பிடித்தார். சீமை கட்டுக்குள் வந்தது, வசூல் வந்தது, அவர் படையும் பெருத்தது. 1761இலும் 1762இலும் அவர் ஒரு கோரிக்கை வைத்தார்: இன்னும் நாலு ஆண்டுக்குக் குத்தகையை நீட்டியுங்கள், ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன். மறுத்துவிட்டார்கள். நவாப் அவரை நேரடியாகத் தனக்குக் கீழே கொண்டுவர விரும்பினார். சென்னைக்கு வரச்சொல்லி அழைத்தார்கள், அவர் போகவில்லை. 1763 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். மார்ஷாண்ட் என்பவர் தலைமையில் ஒரு பிரெஞ்சுக் குழு மதுரைக்குள் வந்தது, கோட்டையில் பிரெஞ்சுக் கொடியும் ஏறியது.

1763 பிற்பகுதியில் கர்னல் மான்சன் முற்றுகையிட்டார். மழைக்காலம் வந்ததும் பின்வாங்கினார். 1764இல் மேஜர் கேம்ப்பெல் பொறுப்பேற்றார். ஜூன் 26 அன்று மதிலை உடைத்து ஏறப் பார்த்தார்கள், கோட்டைக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். மேஜர் பிரெஸ்டன் அதில் அடிபட்டு இறந்தார். அதற்குப்பின் கேம்ப்பெல் ஏணியை ஒதுக்கிவிட்டுப் பசியைக் கையில் எடுத்தார். உணவு உள்ளே போகாதபடி ஊரை இறுக்கினார்கள். அக்டோபர் 13 அன்று திவான் சீனிவாசராவும் மருத்துவர் பாபா சாகிபும் மார்ஷாண்டும் சேர்ந்து, கூடவே இருந்த மற்றவர்களோடு யூசுப்கானைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தார்கள்.

கம்பெனியின் வாதம், அதன் முழு பலத்தோடு

எதிர்வாதத்தை நோஞ்சானாக்கி நிறுத்தி அடித்துப்போடுவது எனக்குப் பிடிக்காது. கம்பெனிப் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. குத்தகை என்பது ஒப்பந்தம். காலம் முடிந்த பிறகு நிலத்தை விட்டு நகரமாட்டேன் என்று ஆயுதத்தோடு நிற்பவரை என்ன செய்வது? அழைத்தால் வரவில்லை. படையைப் பெருக்குகிறார். அதற்கு மேல், எந்த பிரெஞ்சுக்காரரோடு பல ஆண்டு ரத்தம் சிந்திச் சண்டை போட்டார்களோ, அவர்கள் கொடியையே ஏற்றுகிறார். 1763 தொடக்கத்தில் சென்னையில் உட்கார்ந்திருந்த ஒருவர் இதைக் கண்டு பயந்திருந்தால் அது நடிப்பாக இருக்காது.

இந்த வாதத்தில் மிக வலுவான பகுதி பிரெஞ்சுக் கொடிதான். ஆகவே அதை நிதானமாகப் பார்க்கவேண்டும். 1761 ஜனவரியில் புதுச்சேரி கம்பெனியிடம் விழுந்தது. கோட்டையையும் ஊரையும் தரைமட்டம் ஆக்கினார்கள். 1763 பிப்ரவரி 10 அன்று பாரிசில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது 1765இல்தான். ஆக, முற்றுகை நடந்த காலம் முழுவதும் சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக்காரருக்கு ஒரு கோட்டைகூட இல்லை. மார்ஷாண்டின் ஆட்கள் தோற்றுப்போன போரில் மிஞ்சிய சிப்பாய்கள், கூலி கிடைத்த இடத்தில் நின்றவர்கள். கப்பலில் செய்தி வர மாதக்கணக்காகும் என்பது உண்மை. ஆகையால் 1763 வசந்தத்தில் இருந்த பயத்தை நான் ஏற்கிறேன். 1764 கோடையில் அதே பயத்தைக் காரணம் காட்டியிருந்தால் ஏற்கமாட்டேன். அப்போது இரண்டு நாடுகளும் சமாதானத்தில் இருந்தன, செய்தியும் பழையதாகிவிட்டது. சண்டைக்குச் சொன்ன பெரிய காரணம் செத்த பிறகும் சண்டை நிற்கவில்லை. ஈராக்கிலும் இதே நடந்தது: ஆயுதம் கிடைக்காத பிறகு ஜனநாயகம் என்று காரணம் மாறியது. காரணம் மாறிக்கொண்டே இருந்து, போர் மட்டும் மாறாமல் இருந்தால், முதலில் சொன்ன காரணத்துக்காகத்தான் போனார்களா என்று கேட்கவேண்டிவரும்.

அதே பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு இன்னொன்றையும் செய்தது. முகம்மது அலியைக் கர்நாடகத்தின் சட்டபூர்வ நவாப் என்று இரண்டு ஐரோப்பிய அரசுகளும் ஒப்புக்கொண்டன. வட்டத்தில் ஒருவர் இதைச் சான்றாகக் காட்டினார்: "பாருங்க, உலகமே ஒத்துக்கிட்ட நவாப், அவர் நாட்டில் கலகம், அடக்க உரிமை உண்டுதானே?" நல்ல வாதம். ஆனால் அதே பிரிவு சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சட்டபூர்வ சுபேதார் (மாகாண ஆளுநர்) என்றும் ஒப்புக்கொண்டது. 1762 ஜூலையிலேயே அவருடைய தம்பி நிஜாம் அலி அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்துவிட்டார். சிறையில் இருப்பவரை ஆட்சியாளர் என்று பாரிசில் எழுதிவைத்த காகிதம் அது. மதுரையில் யாருக்கு உரிமை என்பதை அந்தக் காகிதத்தை வைத்துத் தீர்க்க நான் தயாரில்லை.

போரைத் தவிர வேறு வழி இருந்ததா

இருந்தது, எழுத்திலேயே இருந்தது. 7 லட்சத்துக்குக் குத்தகையை நீட்டுவது. பழைய தொகையைவிட 2 லட்சம் கூடுதல். பணம்தான் பிரச்சினை என்றால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். பணத்தைத் தாண்டி வேறு ஏதோ வேண்டியிருந்தது என்பதைத்தான் அந்த மறுப்பு காட்டுகிறது. திறமையான, தனக்கென்று படை வைத்திருக்கும், உள்ளூர் மக்களிடம் செல்வாக்குள்ள ஒரு நிர்வாகி நவாபுக்குத் தொல்லை. கம்பெனிக்கு நவாப் வேண்டும், பலவீனமான நவாப் வேண்டும், கடனில் இருக்கும் நவாப் வேண்டும். அதே 1763ஆம் ஆண்டில்தான் நவாப் செங்கல்பட்டுச் சீமையை ஜாகிராக (வருவாயை அனுபவிக்கும் மானியமாக) கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். கொடுக்கிற கையை விட்டுவிட்டு, தன் சொந்தக் கும்மந்தானுக்காகக் கம்பெனி வழக்காடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் வழக்கைத் தீர்க்கும் இடத்தில் உட்கார்ந்திருந்ததும் இதே கம்பெனிதான். யார் எசமான் என்ற குழப்பத்தை உண்டாக்கியவர்கள், அந்தக் குழப்பத்துக்காக ஒருவரைத் துரோகி என்று தீர்ப்பும் சொன்னார்கள், தண்டிக்கப் படையும் அனுப்பினார்கள். இந்தப் போர் நியாயமற்றது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

பிடித்த பிறகு என்ன செய்தார்கள் என்பது இதை உறுதிப்படுத்துகிறது. அவர் கம்பெனியின் அதிகாரி என்றால் இராணுவ விசாரணை மன்றம் வைத்திருக்கவேண்டும். 1755இல் மதுரைப் படையெடுப்பை மோசமாக நடத்தியதற்காக கர்னல் ஹெரானை அப்படி விசாரித்துத்தான் வேலையை விட்டு நீக்கினார்கள். யூசுப்கானுக்கு அது கிடையாது. துரோகம் என்று குற்றம் சாட்டும்போது அவர் கம்பெனி ஊழியர், தண்டனை என்று வந்ததும் நவாபின் கலகக்காரக் குடி. நவாபிடம் ஒப்படைத்து, அவர் உத்தரவில் தூக்கு.

மேலூர்க்காரர் கேட்ட கேள்வி

நான் இதுவரை எழுதியதைக் கேட்டு ஒரு தரப்பு மகிழ்ந்திருக்கும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா அதை நீடிக்க விடவில்லை. "ஹெரான் வந்தப்ப திருமோகூர்க் கோயில்ல சாமி சிலைகளைத் தூக்கிட்டுப் போனாங்களே, அந்தப் படையில சிப்பாய்களுக்குத் தலைவர் யாருண்ணே?"

யூசுப்கான்தான். 1755இல் ஹெரானின் படை அந்தக் கோயிலைக் கொள்ளையடித்துச் சிலைகளை எடுத்துக்கொண்டு நத்தம் கணவாய் வழியாகத் திரும்பியபோது, அந்தப் பகுதியின் கள்ளர் சமூகத்தார் மறித்துத் தாக்கிச் சிலைகளை மீட்டார்கள். அந்த நாட்டு மக்களுக்கு யூசுப்கான் விடுதலை வீரராக வந்தவர் கிடையாது. குத்தகைப் பணத்துக்காகக் கள்ளர் நாட்டையும் பாளையங்களையும் கடுமையாக அடக்கியவர். நெற்கட்டும்செவல்மேல் அவர் நடத்திய போருக்கும் மதுரைமேல் கம்பெனி நடத்திய போருக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே: வரிப்பணம். முதலாவதை நியாயம் என்று சொல்லிவிட்டு இரண்டாவதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டும் அநியாயம். மீனாட்சியம்மன் கோயிலில் நின்றுபோன பூசை அவர் காலத்தில் திரும்பத் தொடங்கியது என்று மதுரையில் நன்றியோடு சொல்வார்கள். நகருக்குள் அப்படி ஒரு நினைவு, நத்தம் சாலையில் வேறொரு நினைவு. இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை.

உள்ளே இருந்தவரின் பொறுப்பைப் பற்றி யோசிக்கும்போது எனக்குப் புறநானூற்றின் 44ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. ஆவூர்க் கோட்டையை நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறான். கோவூர் கிழார் முற்றுகையிட்டவனைப் பார்த்துப் பேசாமல் உள்ளே இருப்பவனைப் பார்த்துப் பேசுகிறார். பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, வீடுகளில் தண்ணீர் இல்லை. நீ அறவழி நிற்பவன் என்றால் "உனது" என்று சொல்லித் திற, வீரன் என்றால் போர் செய்யத் திற. இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒதுங்கி இருப்பது வெட்கக்கேடு. முற்றுகைப் போரின் நியாயத்தை இவ்வளவு நேராகப் பேசிய வேறொன்றை நான் படித்ததில்லை. வெளியே நிற்பவன் தவறு செய்கிறான் என்பதால் உள்ளே இருப்பவனுக்குப் பசித்த குழந்தைகளின் கணக்கு தள்ளுபடி ஆகிவிடாது.

1764 ஜூன் வரை யூசுப்கான் இரண்டாவது வழியில் நின்றார், போரிட்டு வென்றார். அதன்பிறகு வந்த பட்டினி மாதங்களில் பிரெஞ்சு உதவி வராது என்பது தெளிவான பிறகும் கதவு அடைத்தே இருந்தது. சீனிவாசராவையும் பாபா சாகிபையும் காட்டிக்கொடுத்தவர்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர்கள் மனதில் பணம் இருந்திருக்கலாம், உயிர்ப்பயம் இருந்திருக்கலாம். கோட்டைக்குள் சோறு தீர்ந்துபோன ஒரு ஊரும் இருந்தது. அவர்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு தலைவர் தன் மக்களுக்கு வேறு கதவு எதையும் திறந்து வைக்காதபோது இப்படிப்பட்ட கதவுதான் திறக்கும்.

இதைச் சொன்னதும் அந்தச் சட்டம் படிக்கும் தம்பி கோபப்பட்டார். "பசியை ஆயுதமாக்கினவன் வெளியே நிக்கிறான், நீங்க உள்ளே இருக்கிறவரைக் கேள்வி கேக்கிறீங்க." அவர் கோபம் நியாயமானது. கேம்ப்பெல் தேர்ந்தெடுத்த வழி, சண்டை போடாத ஊர்மக்களைப் பட்டினி போட்டு ஒருவரைப் பிடிப்பது. போருக்குக் காரணம் சரியாகவே இருந்திருந்தாலும் அந்த வழி சரியாகாது. முதல் குற்றம் வெளியே நின்றவர்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதன் பிறகு

போரால் நன்மை விளைந்தது என்று காட்டினால் வாதம் மாறலாம். மதுரைச் சீமைக்கு என்ன விளைந்தது? நவாபின் ஆட்கள் வசூலுக்கு வந்தார்கள். நவாபின் கடன் ஏறிக்கொண்டே போனது. கம்பெனி ஊழியர்களே சொந்தப் பணத்தை வட்டிக்கு அவருக்குக் கொடுத்து, அந்த வட்டியைக் குடியானவர்களின் விளைச்சலிலிருந்து எடுத்தார்கள். 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து கண்டிக்கும் அளவுக்கு அந்தக் கடன் விவகாரம் நாறியது. 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியே கம்பெனியிடம் போய்ச்சேர்ந்தது. யூசுப்கானை அடக்கி நவாபின் உரிமையைக் காப்பாற்றினோம் என்ற வாதம் அதோடு முடிந்தது.

சிவகங்கையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், தங்கள் சீமை யூசுப்கானுக்கு எதிராக நின்றதில் தவறில்லை என்று கடைசிவரை சொன்னார். யூசுப்கான் நிலுவை கேட்டு மிரட்டினார், சிவகங்கையின் பிரதானி (தலைமை அமைச்சர்) தாண்டவராயபிள்ளையை மதுரையில் அவமதித்தார், நவாபோடு சேர்ந்ததைத் தவிர வேறு என்ன செய்வது என்பது அவர் கேள்வி. அன்றைய சிவகங்கையின் இடத்தில் நின்று பார்த்தால் அது பதில் சொல்லக் கடினமான கேள்வி. ஆனால் அந்தக் கூட்டணி அவர்களையும் விடவில்லை. 1772 ஜூன் 25 அன்று அதே நவாபின் படையும் அதே கம்பெனியின் படையும் சேர்ந்து காளையார்கோவிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலுநாச்சியாரும் தாண்டவராயபிள்ளையும் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குத் தப்பிப் போனார்கள். அந்தப் போருக்கும் கட்டாத கப்பத்தின் நிலுவையைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.